ஏற்றத்தை முதலில் முடியுங்கள்
மலையில் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான், மனைவி, 14 வயது மகள், 11 வயது மகன் நால்வரும் கொடைக்கானலில் இரண்டு நாள் தங்கப் போகிறோம். ஊரில் தார் ரோட்டில் 10 கி.மீ. அலுக்காமல் ஓட்டுவோம். மண் பாதை பழக்கமில்லை. ஒரு நாள் காலையில் சுலபமான பாதையாகப் பார்த்து ஓட்ட ஆசை. எத்தனை கி.மீ. வைத்துக்கொள்ளலாம்?
– வத்தலக்குண்டு வாசகர்

பதில்: கி.மீ. கணக்கை ஓரமாக வையுங்கள். மலையில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்பதை. உங்கள் ஊரில் 10 கி.மீ. என்றால் ஏறக்குறைய சமதளம். கொடைக்கானலில் அதே 10 கி.மீ.யில் 50 மீட்டரும் ஏறலாம், 300 மீட்டரும் ஏறலாம். இரண்டும் ஒரே சவாரி ஆகாது.

முதல் தடவைக்கு மொத்தம் 8 முதல் 10 கி.மீ., மொத்த ஏற்றம் 150 மீட்டருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக கிலோமீட்டருக்கு 15 மீட்டர் வரும். நடுவில் எங்காவது 100 மீட்டர் தூரத்தில் 8 மீட்டருக்கு மேல் ஏறினால், பழகாதவர்கள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். தள்ளுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பையன் தள்ளுகிறான் என்று அப்பா மேலே நின்று கத்துவதுதான் குறைச்சல்.

ஏற்றத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள, பாதை வரையும் மொபைல் செயலிகள் ஏற்ற இறக்கத்தைக் கோடாகப் போட்டுக் காட்டும். காகித வரைபடம் இருந்தால் இன்னும் நல்லது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவு வரைபடத்தில் 1 கி.மீ. என்பது 2 செ.மீ.; ஒரு உயரக்கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 20 மீட்டர். உங்கள் பாதை 2 செ.மீ.க்குள் ஒரு கோட்டைக் கடந்தால் சுகமாக ஓட்டலாம். இரண்டைக் கடந்தால் மூச்சு வாங்கும். மூன்று என்றால் வேறு பாதை பாருங்கள்.

அடுத்தது திசை. புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். கொடைக்கானல் ஏரி பள்ளத்தில் இருக்கிறது. ஏரியில் கிளம்பி அப்சர்வேட்டரி பக்கம் போனால் முதலில் ஏற்றம், திரும்பும்போது இறக்கம். தெம்பு இருக்கும்போது கஷ்டம் முடிந்துவிடும். வில்பட்டி பக்கம் இறங்கினால் நேர்மாறு: போகும்போது சைக்கிள் தானாகவே ஓடும், பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு போவார்கள், வெயில் ஏறிய பிறகு அத்தனையையும் மிதித்து ஏறி வர வேண்டும். போகும்போது சும்மா உருண்டுகொண்டே போகிறோமே என்று தோன்றினால் அப்போதே நின்று யோசியுங்கள்.

காலை 7 மணிக்கு ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு போங்கள். சுமார் 5 கி.மீ., தார் ரோடு, பெரும்பாலும் மட்டம். அரை மணி நேரம் ஆகும். சீட் உயரம் சரியா, பிரேக் பிடிக்கிறதா, கியர் குதிக்கிறதா என்பதெல்லாம் இந்த ஒரு சுற்றில் தெரிந்துவிடும். கோளாறு இருந்தால் கடை பக்கத்திலேயே இருக்கும். 9 மணிக்கு மேல் குதிரை, கார், வாடகை சைக்கிள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அதற்குள் இந்தச் சுற்றை முடித்துவிட வேண்டும். பிரையண்ட் பூங்காவையும் கோக்கர்ஸ் வாக்கையும் சவாரியில் சேர்க்காதீர்கள். இரண்டும் நடப்பவர்களுக்கானவை. சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே போங்கள்.

மண் பாதைக்கு ஒன்றரை கி.மீ. போதும், போய் அதே வழியில் திரும்பினால் மூன்று. ஜீப் போகும் அகலம் இருக்க வேண்டும். காட்டு மரம் ஏற்றிப்போகப் போட்ட பழைய கூப்பு ரோடு மாதிரி என்றால் மலைக்காரர்களுக்குப் புரியும். ஒத்தையடிப் பாதை வேண்டாம். முதல் 200 மீட்டரை நடந்து பாருங்கள். முஷ்டியைவிடப் பெரிய கல் நிறையக் கிடந்தாலோ, மழைத்தண்ணீர் அறுத்த வாய்க்கால் பாதையின் நடுவே ஓடினாலோ, ஒரு பக்கம் தடுப்பில்லாத சரிவு இருந்தாலோ 11 வயதுப் பையனுக்கு அந்த இடம் ஆகாது.

அனுமதி விஷயத்தில் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஊரைத் தாண்டினால் பைன் காடும் சோலைக்காடும் பெரும்பாலும் வனத்துறைக்குச் சொந்தம். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. பேரிஜம் ஏரிப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. 'போன வருஷம் நண்பர் போனாரே' என்பது அனுமதி ஆகாது. காட்டுத்தீ பயம் இருக்கும் பிப்ரவரி முதல் மே வரை திறந்திருந்த பாதையையும் மூடிவிடுவார்கள். முந்தின நாளே வனத்துறை அலுவலகத்தில் எந்தப் பாதையில் சைக்கிள் விடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூர் வாகனத்துக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது.

திரும்பும் இடத்தைத் தீர்மானிக்காதீர்கள், திரும்பும் நேரத்தைத் தீர்மானியுங்கள். 'அந்த வளைவு வரைக்கும்' என்றால் அடுத்த வளைவும் கூப்பிடும். 9 மணி என்றால் 9 மணி. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 78 சதவீதம்தான். ஊரில் வராத மூச்சிரைப்பு இங்கே வரும். அதற்கு ஒரே அளவுகோல்: மிதித்துக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் கியரை இறக்குங்கள், அல்லது நில்லுங்கள்.

குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் கணக்கு வையுங்கள். வீட்டு பாட்டிலைக் கொண்டுபோங்கள், மலையில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும். பழத்தோலைத் திரும்ப எடுத்து வாருங்கள், குரங்குக்கு வீசாதீர்கள்.

கேள்வி: அங்கேயே வாடகைக்கு சைக்கிள் எடுத்தால் எதைப் பார்த்து எடுப்பது? எல்லாம் பளபளவென்றுதான் இருக்கின்றன.
– பழனி வாசகி

பதில்: பளபளப்பைப் பார்க்காதீர்கள், ஐந்து நிமிடம் இதைச் செய்யுங்கள். முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே 'டொக் டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், தளர்ந்திருக்கிறது. தார் ரோட்டுக்கு ஓடும், கல் பாதைக்கு வேண்டாம். பிரேக் பிடியை முழுவதும் அழுத்தினாலும் அதற்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உங்கள் கட்டைவிரல் நுழைய வேண்டும். பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, டயரை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அச்சு நட்டோ குயிக் ரிலீஸோ (கையால் மடக்கி இறுக்கும் பிடி) இறுகியிருக்கிறதா என்று அதில் தெரியும். கடைசியாக, பின்பக்கம் பெரிய பல்சக்கரத்துக்கு கியர் ஏறுகிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே மிதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்றத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு கியர்தான். முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. 26 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7 கி.மீ. சொச்சம் போகும். ஏற்றத்துக்கு அந்த வேகம் தாராளம்.

சீட் உயரத்துக்கு, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக இருக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது லேசான மடிப்பு தானாக வரும். மண் பாதை இறக்கத்துக்கு முன் இரண்டு அங்குலம் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, தாடைப் பட்டைக்குள் ஒரு விரல். தலையை ஆட்டினால் ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடக் கூடாது.

கேள்வி: என் சைக்கிளை காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன். எடை 74 கிலோ, 27.5 அங்குலச் சக்கரம், 2.1 அங்குல டயர், டியூப் உள்ளது. காற்று எவ்வளவு? மேலே போனதும் குறைக்க வேண்டும் என்கிறார் நண்பர்.
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: முன்னால் 30, பின்னால் 33 பி.எஸ்.ஐ. (கேஜ் காட்டும் காற்றழுத்த அளவு) வைத்து ஆரம்பியுங்கள். 60 கிலோக்காரர் முன்னால் 27, பின்னால் 30 வைக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவு இதைவிட அதிகமாக இருந்தால் அந்த அளவுக்குக் கீழே இறங்காதீர்கள்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 300 மீட்டர் உயரத்திலிருந்து 2,100 மீட்டருக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 2.8 பி.எஸ்.ஐ. குறையும். அதனால் டயருக்குள் இருக்கும் அதே காற்று கேஜில் அந்த அளவு கூடுதலாகக் காட்டும். ஆனால் கீழே 35 டிகிரியில் அடித்த காற்று மேலே 15 டிகிரிக்குக் குளிரும்போது ஏறக்குறைய அதே அளவு குறையும். கீழே 30 வைத்தீர்கள் என்றால் மேலே குளிர்ந்த பிறகும் கிட்டத்தட்ட 30தான். கார் நின்றதும் காற்றைப் பிடுங்காதீர்கள், டயர் ஆறட்டும்.

அதிகம் வைத்தால் என்ன, குறைத்தால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். 50 வைத்தால் ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் துள்ளும். துள்ளுகிற டயருக்குத் தரையில் பிடிப்பு இல்லை, பிரேக் பிடித்தால் சறுக்கும். 20க்குக் கீழே போனால் கல் விளிம்பில் இடிக்கும்போது டியூப், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கும். பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும், பாம்பு கடித்த மாதிரி. பஞ்சர் ஒட்டும்போது இரட்டை ஓட்டை பார்த்தால் முள்ளைத் தேடாதீர்கள், காற்றைக் கூட்டுங்கள்.

பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரில் அடிக்காதீர்கள். சைக்கிள் டியூப் சின்னது, கண் மூடித் திறப்பதற்குள் அளவு தாண்டிவிடும்.

கேள்வி: கோத்தகிரி எஸ்டேட் ரோட்டில் நீண்ட இறக்கம் முடிந்ததும் டிஸ்க் பிரேக்கில் தீய்ந்த வாடை. இப்போது 'கீச்' என்று கத்துகிறது, பிடிப்பும் குறைந்துவிட்டது. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம்.
– கோத்தகிரி வாசகர்

பதில்: எண்ணெய் விட்டதில்தான் காரியம் கெட்டது. டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

வாடை வந்ததற்குக் காரணம், வழி நெடுக பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தது. பேட் ஆறுவதற்கு இடமே கிடைக்காமல் மேற்பரப்பு சுட்டுக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வேகம் ஏறியதும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி அழுத்தமாகப் பிடித்து, வேகத்தைப் பாதியாக்கி, முழுவதும் விடுங்கள். மறுபடி பிடியுங்கள். வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் பிடிக்கக் கூடாது.

சரி செய்ய, முதலில் டிஸ்க் ஆறட்டும். இறங்கியதும் விரல் வைத்தால் கொப்புளம்தான். சக்கரத்தைக் கழற்றி, பேட்டை நிறுத்தியிருக்கும் ஊசியை எடுத்து, பேட்டை வெளியே எடுங்கள். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். பேட்டை 120 நம்பர் உப்புக்காகிதத்தில், சமமான தரையில் வைத்து, எட்டு வடிவத்தில் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கல் வந்தால் போதும். தேய்த்த பிறகும் கறுப்பாக ஈரம் கசிந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது, புது பேட் வாங்குங்கள். உலோகத் தகட்டின் மேல் இருக்கும் பொருள் 1 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தாலும் அதே கதிதான்.

மாட்டியதும் உடனே இறக்கத்துக்குப் போகாதீர்கள். மட்டமான ரோட்டில் மணிக்கு 15 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, முழுவதும் நிற்காமல், ஒரு 20 தடவை பிடித்து விடுங்கள். அதன் பிறகுதான் பேட்டுக்குப் பிடிப்பு வரும். உங்களுடையது கேபிள் டிஸ்க் (கம்பி இழுத்து இயங்கும் டிஸ்க் பிரேக்) என்றால் பெரும்பாலான மாடல்களில் வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் நகரும். உள்பக்கப் பேட் தேயத் தேய அதற்கான திருகை எல்-கீயால் (எல் வடிவ அறுகோணச் சாவி) கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். பலர் கேபிளை மட்டும் இழுத்து இழுத்துக் கட்டுகிறார்கள், டிஸ்க் ஒரு பக்கமாக வளைந்து உரசுவது அதனால்தான்.

இன்னொன்று: எஸ்டேட் ரோட்டில் இலை லாரியும் டிராக்டரும் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு வரும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் தேயிலைக்குள் கரடி நடமாட்டம் இருக்கும். 7 மணிக்குப் பிறகு கிளம்பி, 5 மணிக்குள் வந்துவிடுங்கள். எஸ்டேட் தனியார் இடம், கேட்டில் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

கேள்வி: பைன் காட்டுப் பாதை மெத்தை மாதிரி இருந்தது. வேகம்கூட இல்லை, அப்படியே சக்கரம் இழுத்துக்கொண்டு போய் விழுந்தேன். ஏன்?
– திண்டுக்கல் வாசகி

பதில்: மெத்தை என்று நினைத்ததுதான் வழுக்குப் பலகை. பைன் இலைகள் ஊசி ஊசியாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். டயர் மேல் அடுக்கைத்தான் பிடிக்கும், கீழ் அடுக்கு உருண்டுவிடும். ஈரமாக இருந்தாலும் காய்ந்திருந்தாலும் இதே கதை. அடியில் வேர் ஒளிந்திருந்தால் இன்னும் ஆபத்து.

சருகுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். உள்ளே முன்பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், நேராகக் கடந்து வெளியே வாருங்கள். பின்பிரேக் தேவைப்பட்டால் ஒரு விரலால் லேசாக. வேரையும் ரோட்டைக் குறுக்கே வெட்டும் வாய்க்காலையும் எப்போதும் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் டயர் வேரின் நீளத்துக்கு வழுக்கும். இறக்கத்தில் இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், பின்புறம் சீட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில், முழங்கையும் முழங்காலும் மடங்கி இருக்கட்டும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, நாலைந்து மீட்டர் முன்னால் இருக்க வேண்டும்.

கேள்வி: பாதையில் காட்டுமாடு நின்றால் பெல் அடிக்கலாமா?
– கொடைக்கானல் மாணவர்

பதில்: கூடாது. ஆண் காட்டுமாடு 1,000 கிலோ வரை இருக்கும், ஊருக்குள் நடமாடிப் பழகியதால் சாது என்று ஆகிவிடாது. 50 மீட்டருக்கு முன்பே நின்று இறங்குங்கள். சைக்கிள் உங்களுக்கும் மாட்டுக்கும் நடுவே இருக்கட்டும். கன்று தெரிந்தால் தாய் எந்தப் பக்கம் என்று பார்க்கும்வரை ஓர் அடி நகராதீர்கள், நடுவில் போய்விடக் கூடாது. தலையைத் தாழ்த்தி மூச்சை உறுமலாக விட்டால் அது உங்களுக்கான செய்தி. முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். பத்து நிமிடத்தில் அதுவாக நகரும். நகராவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். மூடுபனியிலும் வளைவிலும் மட்டும் முன்கூட்டியே சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். திடுக்கிட வைப்பதுதான் ஆபத்து.

கேள்வி: ஊட்டிப் பக்கம் பஞ்சர் ஒட்டி ஏறினேன், அரை மணியில் அதே சக்கரம் மறுபடி போய்விட்டது. ஒட்டியது சரியாகத்தான் இருந்தது.
– மேட்டுப்பாளையம் வாசகர்

பதில்: ஒட்டு சரி, முள் டயரிலேயே இருந்திருக்கும். உண்ணிச்செடி முள் முறிந்து ரப்பருக்குள் புதைந்தால் வெளியே தெரியாது. டயரின் பெயர் எழுதிய இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தால், டயரில் அதே முழத்தில் முள் இருக்கும். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவாதீர்கள், பழைய துணியால் தடவுங்கள். எந்த இடத்தில் நூல் மாட்டுகிறதோ அங்கே முள்.

மாற்று டியூப் ஒன்றும் டயர் லீவர் இரண்டும் சின்ன பம்பும் 4, 5, 6 மி.மீ. எல்-கீயும் பையில் இருந்தால் காட்டுக்குள் ஒட்ட உட்கார வேண்டியதில்லை. டியூப் வாங்கும்போது வால்வைப் பாருங்கள். கார் டயர் மாதிரித் தடித்த வால்வா, மெல்லிய பிரஸ்டாவா? பழைய சைக்கிள் கடை பம்ப் பிரஸ்டாவுக்குச் சேராது, பம்ப் உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: ஆகஸ்டில் ஊட்டி, நவம்பரில் கொடைக்கானல் என்று திட்டம். மழைக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?
– மதுரை வாசகர்

பதில்: வேறு தேதி கொண்டுபோங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊட்டியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொடைக்கானலிலும், குன்னூர்–கோத்தகிரிச் சரிவிலும் வடகிழக்குப் பருவமழை. ஈர மண்ணில் சக்கரம் அறுத்த தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும். ஜனவரி, பிப்ரவரிதான் சரி; பிப்ரவரி என்றால் தீ பயத்தால் காட்டுப் பாதையை மூடியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உறைபனி இருக்கும், கையுறை போதும்.

மாற்ற முடியாது என்றால் தார் ரோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மண்ணில் இறங்கித்தான் தீர வேண்டும் என்றால் பேண்டை சாக்ஸுக்குள் செருகுங்கள், அட்டை இருக்கும். ஏறிவிட்டால் பிய்க்காமல் நகத்தை அதன் வாய்க்கு அடியில் விட்டுத் தள்ளுங்கள். ரத்தத்தை உறையவிடாத பொருளை அது விட்டிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். திரும்பி வந்ததும் சைக்கிளை வாளித் தண்ணீரும் துணியும் வைத்துக் கழுவுங்கள். வாகனம் கழுவும் பிரஷர் குழாயை அச்சுப் பக்கம் காட்டினால் கிரீஸ் வெளியே, தண்ணீர் உள்ளே. செயின் நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து வெளியே இருக்கும் அத்தனையையும் துடைத்துவிடுங்கள். டிஸ்க் பக்கம் எண்ணெயைக் கொண்டுபோகாதீர்கள், கோத்தகிரி வாசகர் மேலே சொல்லியிருக்கிறார்.